அழிக்காத எண்

எங்கள் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், சாலையோரம் வேனை நிறுத்தி வண்டிகளுக்குப் புகைப் பரிசோதனை செய்கிறவர் அந்த முன்னாள் சுரங்கத் தொழிலாளி. நரைத்த மீசை, காக்கிச் சட்டை, காதில் செருகிய சாக்பீஸ். வண்டி வந்ததும் அதன் எண்ணை சாக்பீஸால் வேன் கதவில் எழுதுவார். கிளம்பியதும் கட்டைவிரலால் அழிப்பார்.

லீவில் வந்திருந்த நான் அண்ணனுடைய காரைக் கொண்டுபோயிருந்தேன். ஜெர்மனியில் வேலை என்றதும், "அங்க புகைக்கு இன்னா ரூல்ஸ் சார்?" என்று கேட்டார்.

"கண்ணாடியில பச்சை ஸ்டிக்கர் ஒட்டணும். அது இல்லாம பல ஊருக்குள்ள போனா ஃபைன். வெளிநாட்டு வண்டிக்கும் அதே ரூல்ஸ்தான்."

"நாங்க சுரங்கத்துல இறங்க டோக்கன் வாங்குவோமே, அது மாதிரி. வெளிய வரும்போது திருப்பிக் குடுத்துடணுமா?"

"இல்லீங்க, ஒருவாட்டி ஒட்டினா அப்படியே இருக்கும்."

அவர் முகம் சுருங்கியது. "அப்ப உள்ள போனவன் மேல வந்துட்டானான்னு யாரு பாக்கறது? டோக்கனே அதுக்குத்தானே சார்!"

நான் சிரித்தேன். அவரும் சிரித்துக்கொண்டே சான்றிதழை நீட்டினார்.

காரைக் கிளப்பியபோது, வேன் கதவில் என் கார் எண் அப்படியே இருந்தது.

"அழிக்க மறந்துட்டீங்களே!"

"மறக்கல சார். நீங்க மறுபடி ஊருக்கு வந்தாதான் அழிப்பேன். போய்ட்டு வாங்க."

ஜெர்மனி திரும்பிய பிறகு, ஊரில் மழை என்று அண்ணன் போனில் சொல்லும்போதெல்லாம், எனக்கு அந்த வேன் கதவைப் பற்றித்தான் கவலை.