சந்தனம் பட்ட இரண்டு தகடுகள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் என் வாய்க்குப் பயந்தே எக்ஸ்ரே குழாயின் பக்கம் யாரும் வரமாட்டார்கள். அந்தக் குழாயும் ஒருநாள் வெடித்துத் தொலைந்தது. வேறு வாங்க வழியில்லை என்று நிர்வாகம் கையை விரித்துவிட்டது. அதற்குள் கதிர் பட்டுப் பதிவாகியிருந்த இரண்டு புகைப்படத் தகடுகள்தான் எனக்கு மிச்சம்.

நான் தேடியது இதைத்தான். எக்ஸ்ரேயும் ஒளிதான். ஒளித்துகள் ஒன்று எலெக்ட்ரானில் மோதினால் வழக்கமாக ஒன்றுதான் சிதறி வரும். மிக அபூர்வமாக இரண்டு வரலாம் என்றது என் கணக்கு. அப்படி ஒன்றாகப் பிறந்தவை எத்தனை தூரம் விலகிப் போனாலும் ஒன்றின் நிலை மற்றதோடு பிணைந்தே இருக்கும். கதிர் மோதும் கரித்துண்டுக்கு இருபுறமும் பக்கத்துக்கொரு தகடு வைத்திருந்தேன்.

என் மனைவியிடம் சொன்னபோது சிரித்தாள். “ஏனுங்க, வேலந்தாவளம் சந்தைக்கு ஒரு மாட்டை ஓட்டிட்டுப் போயி ரெண்டா ஓட்டிட்டு வந்தவங்க யாராச்சும் உண்டுங்களா?” சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. காசநோய் அப்போதே அவளைப் பாதியாக்கியிருந்தது.

கல்லூரி இருட்டறையின் வெக்கையில் தகட்டின் பூச்சு இளகிவிடும். அதனால் படம் கழுவ, நல்லேப்பிள்ளி கிராமத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தேன். எங்கள் நெல்லறை நல்ல இருட்டு, குளிர்ச்சியும் கூட. தகடுகளைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றி, யாரும் தொடக்கூடாது என்று அதட்டிவிட்டு, கழுவும் மருந்து வாங்கப் பாலக்காடு போனேன். மறுநாள் ஆயுத பூஜை என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

இரவு அங்கேயே தங்கித் திரும்பி வந்தால் விளக்கின் முன்னே கலப்பை, அரிவாள், மண்வெட்டி. அவற்றோடு காகிதம் பிரித்த என் தகடுகள், பட்டப்பகல் வெளிச்சத்தில். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சந்தனப் பொட்டு. படுக்கையில் கிடந்தவள் எழுந்து குளித்துப் பொட்டு வைத்திருக்கிறாள்.

“எல்லாரு ஆயுதத்துக்கும் பொட்டு வெச்சாச்சுங்க. உங்களுது மட்டும் மூளியா இருக்கலாமுங்களா?” என்றாள். அதைச் சொல்வதற்குள் மூச்சு வாங்கியது.

வாய்வரை வந்ததை விழுங்கினேன். அந்த முகத்தைப் பார்த்து யாரால் திட்ட முடியும்?

வீம்புக்குத்தான் கழுவினேன். வெளிச்சம் பட்டதில் என் பதிவெல்லாம் அழிந்து, இரண்டும் கரிக்கட்டையாக வந்தன. சந்தனம் மறைத்த இடம் மட்டும் வெளிறி, அவள் விரல்நுனி அளவுக்கு வட்டமாக நின்றது. பார்த்தே தீர வேண்டும் என்று அடம்பிடித்தாள். ஜன்னலுக்கு நேரே பிடித்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

“இதுல ஒண்ணு, அதுல ஒண்ணு. ரெண்டு வந்திருக்குதுங்களே.”

“ஆமா அம்மிணி. வந்திருக்குது” என்றேன்.

நலம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். தீபாவளிக்கு அவள் இல்லை. கதிரையெல்லாம் படம் பிடித்தவன், அவளை ஒரு படம் பிடித்து வைக்கவில்லை. குழிக்குள் இறக்கும்போது ஒரு தகட்டை அவள் கையடியில் வைத்தேன்.

இன்னொன்று என்னிடம் இருக்கிறது. அந்த வட்டத்தின் மேல் என் விரலை வைத்துப் பார்ப்பேன். அவளுடையது சின்ன விரல்.