ஏறாதவர்களின் எண்ணிக்கை

நகரப் போக்குவரத்துத் திட்ட அலுவலகத்தில் புதிதாகச் சேருகிற எவரும் கணக்கு அக்காவை முதலில் பார்ப்பது மாடிப்படியில்தான். லிஃப்டுக்கு நிற்கிற பொறுமை அவருக்குக் கிடையாது. பஸ்ஸில் ஏறுகிறவர்களை எண்ணுவதில் மட்டும் பதினாறு வருஷப் பொறுமை. கழுத்தில் விசில் மாதிரித் தொங்குவது எண்ணும் கருவி; ஓர் ஆள் ஏறினால் ஓர் அமுக்கு.

முப்பதாண்டுத் திட்டத்தின் வரைபடத்தை மேசையில் விரித்த அன்று அக்கா குனிந்து அதில் விரலோட்டிப் பார்த்தார். புதிய கிழக்கு ரயில் பாதையில் பஞ்சாலைப் பகுதிக்கு மட்டும் நிலையம் இல்லை. தலைமைப் பொறியாளர் ஒரு தாளை நீட்டினார். பஞ்சாலை நிறுத்தம், காலை ஏழு முதல் ஒன்பது வரை ஏறியவர்கள்: பூஜ்யம். கீழே அக்காவின் கையெழுத்து.

பொய்யில்லை. முந்தின நிறுத்தங்களிலேயே பிதுங்கிவிட்ட பஸ்கள் அங்கே நிற்காமல் போயிருந்தன. படிவத்தில் இருந்ததோ ஏறியவர்களுக்கான ஒரே கட்டம்.

"ஏற ஆள் இல்லாம இல்ல சார். ஏற வழியில்லாம நடந்து போனாங்க. பஸ்தான் நிக்கலைன்னா, இனி ரயிலும் நிக்காதா?"

"அது தாள்ல இல்லையேம்மா."

திங்கட்கிழமை திட்டம் மாநகராட்சிக்குப் போகிறது. பொறியாளர் கல்நெஞ்சரல்லர், தாளில் இல்லாததை நம்பாதவர், அவ்வளவுதான். அதைத் தாளில் கொண்டுவர மூன்று நாள் தந்தார்.

காத்திருந்து சலித்து நடக்கத் தொடங்குகிறவர்களை எண்ணுவது என்று அக்கா முடிவுகட்டினார். உதவிக்கு ஆள் கிடைக்காமல் வீட்டுக்காரரையே இழுத்துக்கொண்டு போனார். தையல்காரரான அவர் நிற்பவர்களிடமெல்லாம் கதை பேசி, முதல் நாளே இரண்டு தடவை எண்ணிக்கையைக் கோட்டைவிட்டார்.

"வாயை மூடிக்கிட்டு இதை மட்டும் அமுக்குங்க."

"மூடிக்கிறதுதான் வீட்லயே பழகினதாச்சே."

மூன்றாம் நாள் சரிபார்க்கப் பொறியாளரே வந்தார். பார்த்தது போதுமென்று அலுவலகம் திரும்பப் பஸ்ஸுக்குக் கைகாட்டினார். ஒன்று போனது. இரண்டு, மூன்று போயின. நாலாவதன் பின்னால் ஓடியே பார்த்தார். படியில் தொங்கியவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். பெருமூச்சு விட்டு நடக்கத் தொடங்கினார். தையல்காரர் ஓர் அமுக்கு அமுக்கினார்.

"சாரையும் சேர்த்துட்டேன்."

நிறுத்தமே சிரித்தது. பொறியாளர் திரும்பி, வேர்வையைத் துடைத்தபடி, "சரியாத்தான் எண்ணுறீங்க" என்றார்.

அவரையும் சேர்த்து அன்றைக்கு இருநூற்றுப் பதினேழு பேர். திங்கட்கிழமை வரைபடத்தில் பஞ்சாலைக்கு ஒரு வட்டம் விழுந்தது. அக்காவுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

நிலையத்துக்கு இப்போது அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். அக்கா கணக்கெடுப்புப் பிரிவின் மேற்பார்வையாளராகி, ஏழு பேரோடு நகரின் வடக்குப் பகுதியில் ஏறாதவர்களையும் எண்ணிக்கொண்டிருக்கிறார்.