பட்டாபட்டிக்குள் ஒரு கல்யாணம்

தேரடித் தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த வேணுவுக்குப் பேன்ட் என்றாலே ஆகாது. எந்த ஊர்க் கல்யாணமானாலும் வேட்டிதான். உள்ளே முழங்கால் தொடும் பட்டாபட்டி டிராயர். அதில் இரண்டு பக்கமும் ஆழமான பை. கார்த்திகை தீபத்துக் கூட்டத்தில் சட்டைப் பையை நம்புகிறவன் முட்டாள் என்பது அவர் கட்சி. எடுத்து முடித்த ஃபிலிம் சுருள்கள் எல்லாம் டிராயர் பைக்குள்தான் போகும். 'பட்டாபட்டி பேங்க்' என்று மனைவி ஆதிலட்சுமி கிண்டல் செய்வாள்.

தொண்ணூற்றாறில், கீழ்பென்னாத்தூர் சந்திரம்மாளின் மகனுக்கு டெல்லியில் கல்யாணம். பத்து நாள் இருக்கையில் அந்தம்மா மல்லாட்டை பிடுங்கப் போய், கடலைக் கொல்லை வரப்பில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். முகூர்த்தத்தைத் தள்ளிப்போட வழியில்லை. மாவுக்கட்டோடு படுத்திருந்தவர் வேணுவைக் கூப்பிட்டனுப்பினார்.

"வந்தவங்கள சாப்ட்டீங்களான்னு ஒரு வார்த்த கேக்கக்கூட எனக்குக் குடுத்து வைக்கல. நீதாம்பா அந்தக் கல்யாணத்த எனக்குக் காட்டணும். ஒரு படம்கூட கெட்டுடக் கூடாது."

போனது ரயிலில். திரும்புவதற்கு மாப்பிள்ளை விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டான். வேணு டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பறக்கிற பயமில்லை, ஏர்போர்ட் எக்ஸ்ரே மெஷினுக்குள் போனால் கழுவாத ஃபிலிம் வெளுத்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். புதுச் சுருள் மாட்டியிருந்த கேமராவையும் லென்ஸ்களையும் துண்டில் சுற்றித் தோள்பையில் வைத்தார். பெட்டியோடு போட்டால் எவன் எப்படித் தூக்கி எறிவானோ! கல்யாணம் மொத்தமும் இருந்த பன்னிரண்டு சுருள்? வேறெங்கே, பேங்கில்தான்.

தோள்பை மெஷினுக்குள் சமர்த்தாகப் போய் வந்தது. வேணு தாண்டியதும்தான் மெட்டல் டிடெக்டர் வாசல் 'கீ' என்று அலறியது. மீசை வைத்த இளம் போலீஸ்காரர் இந்தியில் அதட்டினார். ஒரு வார்த்தை புரியவில்லை. சந்திரம்மாள் முகம் மட்டும் கண்முன் வந்தது. மானமாவது மண்ணாவது! மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டி, சுருள்களை ஒவ்வொன்றாக மேஜைமேல் எடுத்து வைத்தார். மெஷினைக் காட்டி, வேண்டாம் என்று தலையாட்டினார். தாலி கட்டுவதுபோலச் சைகை செய்து, கையெடுத்துக் கும்பிட்டார். வரிசையே சிரித்தது. போலீஸ்காரரும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டு, சுருள்களைக் கையிலேயே உருட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

கேமரா நிஜமானதுதானா என்று ஒரு தடவை அழுத்திக் காட்டச் சைகை செய்தார். பழக்க தோஷம், வேணு அந்தச் சிரிப்பையே பிடித்தார். பிறகு தோள்பையிலிருந்து கல்யாண லட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். அவரும் வாயில் போட்டுக்கொண்டார்.

ஊரில் கழுவிப் பார்த்தால் எல்லாப் படமும் பளிச்சென்று இருந்தது. கேமராவோடு மெஷினுக்குள் போய்வந்த சுருளுக்கும் ஒரு கேடும் இல்லை. ஊர் சிரிக்க வேட்டியைத் தூக்கினதுதான் மிச்சம் என்றாள் ஆதிலட்சுமி.

சந்திரம்மாள் ஆல்பத்தை மடியில் வைத்து ஒவ்வொரு முகமாகத் தடவிப் பார்த்தார். தாலி கட்டும் படத்தில் அழுதார். கடைசிப் பக்கத்தில் போலீஸ்காரர். கதையைக் கேட்டு, கட்டுப்போட்ட கால் வலிக்க வலிக்கச் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும், கல்யாண வீட்டு அம்மாவாக நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்.

"இவரு சாப்ட்டாராப்பா?"

"சாப்ட்டாருக்கா. நம்ம வூட்டு லட்டு."

"அப்ப சரி" என்று ஆல்பத்தை மூடினார்.