தாமரை இலையில் ஒரு கட்லா

1. பெங்குவினும் வக்காவும்

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்து நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியல் டீச்சராகச் சேர்ந்தது எழுபதுகளின் கடைசியில். முதல் நாள் ஆறாம் வகுப்பில், "தெரிஞ்ச பறவை பேரெல்லாம் சொல்லுங்க" என்றேன். மயில் வந்தது, நெருப்புக்கோழி வந்தது, பெங்குவின்கூட வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஏரி. அதிலிருந்த கருவேல மரங்களில் இலை தெரியாத அளவுக்குக் கூடுகள்.

"அங்கே உக்காந்திருக்கிறதெல்லாம் என்ன?"

"அது பறவை இல்ல டீச்சர், வக்கா" என்றான் ஒருவன்.

புத்தகத்தில் படம் இருந்தால்தான் பறவையாம். எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. பெங்குவினை நான் மட்டும் நேரில் பார்த்திருக்கிறேனா என்ன?

மறுநாளே கடைசி பீரியடை ஏரிக்கரைக்கு மாற்றினேன். ஹெட்மாஸ்டர் கையைப் பிசைந்தார்.

"இன்ஸ்பெக்‌ஷன் வந்தா கிளாஸ் எங்கன்னு இன்னா சொல்றது டீச்சர்?"

"பிராக்டிகல்னு சொல்லுங்க சார்."

ஏரிக்கரையில் சட்டம் கறாராக இருந்தது. கத்தக் கூடாது, கூடு இருக்கும் மரத்தடிக்குப் போகக் கூடாது, விழுந்த குஞ்சைத் தொடக் கூடாது. எந்தப் பறவை எதைத் தின்கிறது என்று கரையிலிருந்தே பார்ப்பதுதான் பாடம். நத்தைக்குத்தி நாரை நத்தையை உடைப்பதைப் பார்த்த அன்று, மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

2. சாம்பிள் வெடி

அடுத்த வருஷம் ஏரி மீனை ஏலம் எடுத்தவர் தணிகாசலம். ஏழாம் வகுப்புக்கு வந்திருந்த செல்வியின் அப்பா. மாசி மாதம் தண்ணீர் வற்ற வற்ற மீனெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கியது. பறவைகளுக்குக் கொண்டாட்டம். குஞ்சுகள் இன்னும் பறக்கத் தொடங்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை செல்வி அழுதுகொண்டே வந்தாள். "எங்க நைனா நாளைக்கு வெடி வெச்சு அல்லாத்தையும் தொரத்தப் போறாரு டீச்சர்."

சாயங்காலம் வகுப்போடு போனால், கரையில் வெடிப் பையோடு அவரே நின்றிருந்தார். குஞ்சுகள் பறக்கும்வரை பொறுக்கச் சொன்னேன்.

"நீங்க பாடம் நடத்துங்க டீச்சரம்மா, நான் வேணாங்கல. நான் வுட்ட கட்லா மீன் குஞ்செல்லாம் இதுங்க வயித்துல கீது. நான் வேடிக்கை பாத்துக்கினு நிக்கணுமா?" என்றவர், "சாம்பிளுக்கு ஒண்ணு" என்று பற்றவைத்துவிட்டார்.

தாய்ப்பறவைகள் மொத்தமாக எழும்பின. அதற்கென்றே காத்திருந்த காக்கைகள் கூடுகளுக்குள் புகுந்தன. குஞ்சுகள் பயத்தில் வயிற்றில் இருந்ததைக் கக்க, மரத்தடிச் சேற்றில் பொத்துப் பொத்தென்று மீன்கள் விழுந்தன. திட்டுவதற்கு வாய்வரை வந்துவிட்டது. அப்போதுதான் அந்த மீன்களைக் கவனித்தேன்.

என் சட்டத்தை நானே தள்ளி வைத்தேன். "நாலு பேர் மட்டும் ஓடுங்க. காக்காவை விரட்டிட்டு, விழுந்த மீனைப் பொறுக்கிக்கிட்டு உடனே திரும்புங்க!"

செல்விதான் முதலில் ஓடினாள்.

3. இலையில் வைத்தது

கரையில் ஒரு தாமரை இலையை விரித்து மீன்களைப் பரப்பினோம். தணிகாசலம் குனிந்தார். மீனை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இன்னாது இது! அல்லாம் ஜிலேபியா கீது!"

ஜிலேபிக் கெண்டை யாரும் விடாமலே ஏரியில் பெருகும். விட்ட குஞ்சுகளின் தீனியைத் தின்று தீர்க்கும். ஏலக்காரர்களுக்கு ஜென்ம விரோதி.

செல்வி மட்டும் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள். அருகில் போய்ப் பார்த்தேன். விரல் நீளத்தில் ஒரு கட்லா குஞ்சு.

"இத்தப் பாத்தா நைனா மறுபடியும் வெடி வெச்சிடுவாரு டீச்சர்" என்று என் காதில் சொன்னாள்.

அவள் சொன்னது நியாயம்தான். ஆனாலும், "இலையில வை செல்வி. கெடைச்சதை எல்லாம் காட்டணும்" என்றேன்.

வைத்தாள். தணிகாசலம் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஜிலேபிய மட்டும் காட்டியிருந்தா, பொறுக்கினு வந்து எனக்குப் படம் காட்றீங்கன்னு நெனச்சிருப்பேன். இத்தையும் வெச்சீங்க பாருங்க." மகளின் தலையைத் தொட்டார். "போவட்டும். அவ்ளோ ஜிலேபியத் துன்னதுக்கு ஒரு கட்லா கூலி."

வெடிப் பையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். பறவைகள் இருட்டுவதற்குள் திரும்பின. சில கூடுகள் காலியாக இருந்தன. அதைப் பார்த்துப் பிள்ளைகள் அழுதார்கள், நானும் அழுதேன். மற்றக் குஞ்சுகள் பங்குனியில் பறந்தன.

இப்போது சுற்றுச்சூழல் பாடம் நடத்தும் இளைய ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். பறவையால் யாருக்கும் நஷ்டமே இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். வீட்டில் அப்பா ஒரே வார்த்தையில் அதை உடைத்துவிடுவார். நஷ்டத்தையும் சேர்த்தே இலையில் வையுங்கள்.

அந்த வருஷ முழுப் பரீட்சையில், ஒரு பறவையும் அதன் உணவும் எழுதச் சொல்லியிருந்தேன். செல்வி எழுதியிருந்தாள்: "வக்கா. ஜிலேபி தின்னும். எப்போதாவது கட்லாவும் தின்னும்."

முழு மார்க் போட்டேன்.