ஊதிப் பிரித்த சிறகு

நம்பினால் நம்புங்கள். இது எனக்கே நடந்தது. அதுவும் இருட்டில் அல்ல. சென்னையை அடுத்த கோவளத்தில், வெயில் மண்டையைப் பிளக்கும் உச்சி வேளையில்.

கோதண்டராமன் சார் கேமரூனில் வேலை பார்ப்பவர். அங்கே காடு காடாய் அலைந்து பிடித்த வண்ணத்துப்பூச்சிகளை முக்கோணக் காகிதப் பொட்டலங்களில் மடித்து, தன் கோவளம் வீட்டுக்கு அனுப்புவார். இனம் பிரித்து அட்டவணை போடுவது என் வேலை. வெள்ளிக்கிழமை அவர் வருகிறார். அதற்குள் முடித்தால் அருங்காட்சியகத்தில் எனக்கு நிரந்தர வேலை வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். மிச்சம் ஒரே பெட்டி.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அவர் தம்பி ராமதாஸ் எட்டிப் பார்த்தார்.

"இன்னா ஹரி, பூச்சிய பாத்துப் பாத்து உனுக்கும் றெக்கை மொளைக்கப் போவுது! கரைக்குப் போயி மீன் வாங்கினு வரேன். சாப்ட்டுத்தான் போவணும்."

"வஞ்சிரமாண்ணே?"

"ஆசையப் பாரு! மத்திதான்."

போய்விட்டார். வீட்டில் நான் மட்டும்.

காய்ந்த சிறகு இறுகியிருக்கும். ஈரத்துணி விரித்த டப்பாவில் ஒரு நாள் ஊறினால்தான் விரியும், இல்லையென்றால் பொடிந்துவிடும். ஊறியதைக்கூட சார் கையால் தொட மாட்டார். கிராம்பைக் கடித்துக்கொண்டு, மெல்ல ஊதுவார். ஃபூ...

அன்று ஒரு பொட்டலத்தைப் பிரித்தேன். கறுப்பில் பச்சைப் பட்டை. ஊறவைக்காதது. இனம் பார்க்கப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுத் திரும்பினேன்.

சிறகு விரிந்திருந்தது.

ஜன்னல்கள் மூடியிருந்தன. மின்விசிறியும் ஓடவில்லை. பிறகு எப்படி?

அடுத்த பொட்டலத்தைப் பிரித்தேன். கண்ணை எடுக்கவில்லை.

ஃபூ...

என் காதோரம். சிறகு மெல்லத் திறந்தது.

கிராம்பு வாசனை...

பையை எடுத்தேன். உள்ளறையில் நாற்காலி கிறீச்சிட்டது. அப்பாடா! ராமதாஸ் பின்வாசல் வழியாக வந்துவிட்டார்.

"போயிட்டு வரேண்ணே!"

"சரி... வா."

வெளியே ஓடி வந்தேன். எதிரே தெருவில், மீன் பையோடு ராமதாஸ் வந்துகொண்டிருந்தார்.

கூடுவாஞ்சேரியில் என் வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. மறுநாள் காலை அவரே போன் செய்தார்.

"அண்ணன் போயிட்டாருப்பா... அங்கயே, தூக்கத்துலயே. நேத்து விடியக்காலமே முடிஞ்சிடுச்சாம். இப்பதான் சொல்றானுங்க."

சாவு வீட்டில் 'போயிட்டு வரேன்' என்று சொல்லக் கூடாது. குழந்தைக்கும் தெரியும். ஆனால் நேற்று அது சாவு வீடு என்பது எனக்கும் தெரியாது, ராமதாஸுக்கும் தெரியாதே!

அதன்பின் நான் அங்கே போகவில்லை. வேலையும் போயிற்று. அந்த அறையைப் பூட்டிவிட்டார்கள்.

போன வாரம் ராமதாஸ் மறுபடி அழைத்தார்.

"ஹரி, இன்னிக்குத்தான் அந்த ரூமைத் தொறந்தேன். நீ எப்ப வந்து முடிச்ச? பொட்டலம் அல்லாம் பிரிச்சு, றெக்கை விரிச்சிகினு கீது. ஒண்ணு மட்டும் பிரிக்காம உன் நாற்காலி மேல கீது. அதை எதுக்குப்பா வுட்டு வச்ச?"

போனை வைத்துவிட்டேன்.

வருகிறேன் என்று சாரிடம் சொல்லியிருக்கிறேனே...