கேஜ் செல்லாது

நளினிக்கு அறுபத்திரண்டு வயதில் வந்த தலைவலிக்குப் பெயர் பெருமாள்.

கனரக இயந்திரத் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் வரைபடப் பிரிவில் இருந்தவள் அவள். ஒரு கோடு அரை மில்லி தள்ளியிருந்தாலும் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவாள். ஓய்வு பெற்ற பின் ஊர் ஓய்வூதியர் சங்கத்தின் மாத இதழில் 'சொல்வலை' என்று குறுக்கெழுத்துப் பக்கம் ஒன்று கிடைத்தது. அது கிடைத்த பிறகுதான் காலையில் எழுந்திருக்க அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. அவள் நிபந்தனை ஒன்றுதான்: அகராதியில் உள்ள சொல் மட்டுமே செல்லும். சங்கச் செயலாளர் ரவிகுமாருக்கும் ஒரு நிபந்தனை உண்டு. மாதம் இருபது சரியான விடைத்தாளாவது வர வேண்டும். இல்லாவிட்டால் பக்கம் விளம்பரத்துக்குப் போய்விடும்.

வம்பு ஒரு மூலைக் கட்டத்தில் தொடங்கியது. 'ஏறவும் இறங்கவும் உதவுவது, இரண்டெழுத்து.' விடை, படி. குறுக்கே எந்தச் சொல்லும் வராத மூலை அது. அப்படி விட்டது அவள் பிழைதான். இருபத்திரண்டு தாளில் ஒரே மாதிரி 'கேஜ்' என்று வந்திருந்தது. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டு! பழைய சுரங்கத் தொழிலாளிகள் இருபத்திரண்டு பேரும் ராபர்ட்சன்பேட்டை டீக்கடையில் ஒன்றாக உட்கார்ந்துதான் விடை எழுதுவார்கள். ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறியே பழகிவிட்டவர்கள். நளினி அத்தனையையும் அடித்தாள்.

முடிவு தெரிந்த மறுநாளே அவர்களில் ஒருவரான பெருமாள் வாசலில் நின்றார்.

"இன்னா மேடம், இருபத்திரண்டு பேருமா தப்பு?"

"அகராதியில கேஜ் இல்லீங்க."

"இருபத்தெட்டு வருசம் அதுலதான் ஏறி எறங்குனேன். இல்லன்னா எப்டி?"

"படின்னு எழுதியிருக்கலாமே."

"ரெண்டாயிரம் அடிக்கு எவன் மேடம் படி கட்டுவான்?"

அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. அடுத்த இதழில் 'கேஜ் செல்லாது' என்று தடித்த எழுத்தில் போட்டாள். அந்த மாதம் வந்த தாள்கள் ஒன்பது. இருபத்திரண்டு பேரில் ஒருவர்கூட எழுதவில்லை.

ரவிகுமார் போன் செய்தார். "ரெண்டு மாசமா இருபது தேறல. அடுத்த மாசமும் இப்படின்னா வேற வழியில்ல மேடம். ஃபர்னிச்சர் கடைக்காரர் அந்தப் பக்கத்தைக் கேட்டுக்கிட்டே இருக்காரு."

நளினிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கட்டங்கள் இல்லாத ஒரு மாதத்தை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு 'கேஜ் செல்லும்' என்று எழுதிக் கொடுத்தாள். போதாததற்கு, அவர்கள் மனம் குளிரட்டும் என்று புதுப் புதிரிலும் அகராதியில் இல்லாத அவர்கள் சொல் ஒன்றை வைத்தாள். 'வேலை நேரம், மூன்றெழுத்து.' விடை, ஷிப்ட்.

பெருமாள் வந்தார். ஒரு கையில் இருபத்திரண்டு தாள். மறு கக்கத்தில் செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகம்.

"மருமவ பெங்களூர்லேர்ந்து வாங்கியாந்துச்சு மேடம். நீங்க சொன்ன அகராதி. ஒரு மாசமா எல்லாரும் இதத்தான் பொரட்டிக்கினு இருந்தோம்."

நளினி தாள்களைப் பார்த்தாள். எல்லாம் சரி. ஷிப்ட் வர வேண்டிய மூன்று கட்டம் மட்டும் இருபத்திரண்டிலும் காலி.

"இதை ஏன் எழுதல?"

"ஷிப்டுதான். தெரியாம இன்னா? ஆனா இதுல இல்லியே மேடம். செல்லாததை எப்டி எழுதுறது?"

"கேஜ் செல்லும்னு போட்டேனே!"

"கேஜ்தான போட்டீங்க. ஷிப்டு செல்லும்னு போடலியே."

எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. உள்ளே மேசையில் இந்த மாதம் மற்றவர்களிடமிருந்து வந்த தாள்கள் எட்டுதான் கிடந்தன. அவள் சிவப்புப் பேனாவைத் திறந்தாள். முப்பத்து நான்கு வருடத்தில் அரை மில்லியை மன்னிக்காத கை, இருபத்திரண்டு தாளிலும் அந்தக் காலிக் கட்டங்கள் மேல் சரி போட்டது.

"அடுத்த மாசம் அந்தப் புத்தகத்தை வீட்லயே வச்சுட்டு வாங்க," என்றாள்.

"அது எப்டி மேடம்?" என்று அகராதியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார் பெருமாள். "நீங்க தப்பு போட்டா நாங்க இன்னா பண்றது?"