கன்ரன் துறைமுகத்து மொழிபெயர்ப்பாளர்கள்

மகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, பேரரசர் காலத்துச் சீனம் வெளிநாட்டாரோடு எப்படி வணிகம் செய்தது என்று வகுப்பின் முன் நின்று பேச வேண்டியிருந்தது. தலைப்பைக் கேட்டதும் எனக்குப் பெரிய சந்தோஷம். ஊரில் நான் சரித்திரம் படிப்பித்தவள். ஜேர்மனிக்கு, வுப்பர்டாலுக்கு வந்த பிறகு முதியோர் இல்லமொன்றில் துணி தோய்க்கிறேன். அவளுடைய படிப்பில் நான் வாய் திறக்க ஏதும் இல்லாமல் போய்ப் பல வருடமாகியிருந்தது.

வேலை முடிந்து வந்ததும் குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் இருவரும் உட்காருவோம். அவள் டொச் மொழியில் வாசித்துத் தமிழில் சொல்லுவாள். நான் விளக்குவேன். மேற்கத்தியக் கப்பல்களுக்குக் கன்ரன் துறைமுகம் ஒன்றுதான் திறந்திருந்தது. வியாபாரிகள் நகர மதிலுக்கு வெளியே, ஆற்றங்கரையில் தங்க வேண்டும். அதிகாரிகளிடம் நேரே மனுக் கொடுக்க ஏலாது. அனுமதி பெற்ற சீன வணிகர்கள் வழியாகத்தான் கொடுக்கலாம். அந்நியருக்குச் சீன மொழி கற்பிப்பதே குற்றம். ஆகவே எல்லாப் பேச்சும் மொழிபெயர்ப்பாளர்களின் கையில் இருந்தது. அவர்கள் இரண்டு பக்கத்துக்கும் கோபம் வராதபடி வார்த்தைகளை மாற்றினார்கள். இங்கிலாந்து மன்னர் தன்னைச் சமமானவராக எண்ணி அனுப்பிய கடிதம்கூட, பேரரசர் காதுக்குப் போனபோது திறை செலுத்துகிறவரின் பணிவான விண்ணப்பமாகியிருந்தது.

இந்த இடத்தில் எனக்குள் இருந்த ரீச்சர் எழும்பிவிட்டாள். சொன்னதைச் சொன்னபடி சொல்லாதவர்களால்தான் இரண்டு தேசங்களும் ஒன்றையொன்று அறியாமல் போயின என்று நீட்டி முழக்கினேன். மகள் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

“அப்ப நானும் அந்த ஆக்கள்தான் அம்மா. போனமுறை விசா ஒஃபிஸில நீங்கள் சொன்னதில பாதியை நான் மாத்தித்தான் சொன்னனான்.”

நான் சிரிக்கவில்லை. இனி ஒரு சொல் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

அடுத்த கிழமை வெளிநாட்டவர் அலுவலகத்தில் எங்களுக்கு நேரம் குறித்துத் தெர்மின் தந்திருந்தார்கள். விசா நீடிப்புக்காகப் போனோம். கணவருக்கு றெஸ்ரோரன்றில் லீவு கிடைக்கவில்லை. வழமைபோல மகளைப் பள்ளிக்கூடத்துக்கு விடாமல் கூட்டிக்கொண்டு போனேன். அலுவலர் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். கேள்விகள் முடிகிற நேரத்தில், ஊரில் பெற்றோர் எப்படி இருக்கிறார்கள் என்று மென்மையாகக் கேட்டாள்.

என் தாயும் தகப்பனும் அப்போது சண்டையால் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து, வன்னியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பாயில் படுத்திருந்தார்கள். ஐயாவுக்குக் காய்ச்சல் என்று கடிதம் வந்திருந்தது. ஆனால் யாரும் சுகம் விசாரித்தால் நல்ல சுகம் என்றுதான் நாங்கள் சொல்லுவோம். வெளியாள் முன்னால் வீட்டுக் கஷ்டத்தைக் கொட்டுவது மரியாதையில்லை. அதுவும் அவ்வளவு அன்பாகக் கேட்கிறவளிடம்.

“நல்லா இருக்கினம், ஒரு குறையுமில்லை” என்றேன்.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அம்மா, அவை பள்ளிக்கூடத்தில இருக்கினம் எண்டு சொல்லட்டோ?”

“நான் சொன்னதை மட்டும் சொல்லு.”

அவள் சொன்னாள். அந்தப் பெண் எழுதிக்கொண்டாள்.

சில நாட்களில் மகள் வகுப்பில் பேசினாள். நல்ல புள்ளி கிடைத்தது. மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றி நான் சொன்னதை அப்படியே சொன்னாளாம். எனக்குப் பெருமையாக இருந்தது.

அதன்பிறகு அந்த அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அவள்தான் நின்றபடி வாசித்தாள். பெற்றோர் ஊரில் குறையின்றி வாழ்வதாக நீங்களே கூறியுள்ளீர்கள், ஆகவே திரும்பிப் போவதற்குத் தடை எதுவும் தெரியவில்லை, நீடிப்பு மறுக்கப்படுகிறது. அவளுடைய தம்பி சின்னவனை எங்கே கொண்டுபோவது என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே வரவில்லை. அந்தப் பதற்றத்தில் என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

“உனக்குத் தெரியும்தானே. நீயாவது மாத்திச் சொல்லியிருக்கலாமே.”

அவள் கடிதத்தை மடித்து மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போனாள்.

நான் அவளுக்குப் பாதிதான் படிப்பித்திருந்தேன். கன்ரனில் பேச்சுப் பிசகினால் முதலில் அடி விழுந்தது நடுவில் நின்றவர்களுக்குத்தான். அந்நியர் செய்த குற்றத்துக்கு அவர்களுக்காகப் பொறுப்பு நின்ற சீன வணிகர்கள் சிறைக்குப் போனார்கள், நாடுகடத்தப்பட்டார்கள். இது எனக்குத் தெரியும். அன்று குசினியில் அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

வக்கீல் ஒருவரைப் பிடித்தோம். அவரிடமும் மகள்தான் வந்தாள். ஐயாவின் காய்ச்சல், பள்ளிக்கூட மண்டபம், எல்லாவற்றையும் சொன்னேன். வக்கீல் பேனாவோடு காத்திருக்க, ஒவ்வொரு வசனத்துக்கும் அவள் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்:

“இதை அப்பிடியே சொல்லட்டோ, மாத்தட்டோ?”

அவள் என்னைக் குத்திக்காட்டக் கேட்கவில்லை. உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. அப்படியே சொல்லு, அப்படியே சொல்லு என்று நானும் ஒவ்வொரு முறையும் சொன்னேன். விசா பிறகு கிடைத்தது. பிழை என்னுடையது என்று அவளிடம் சொல்ல அன்று வக்கீலின் அறையிலேயே வாயெடுத்தேன். அதையும் டொச்சில் சொல்ல வேண்டுமோ என்று அவள் கேட்டுவிடுவாள் என்ற பயத்தில் நிறுத்திக்கொண்டேன்.